நோவு குறைகிறது என்றாள்

1986 பங்குனி 3, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே கூரைத் தகரம் முறுகுகிறது. இன்று வகுப்பு தொடங்கியது. இரண்டு கிழமைக்கு, தினமும் எட்டிலிருந்து ஒன்பதரை வரை. பாடம்: நோவு. படிக்கிறவர்கள் இரண்டே பேர், நானும் மேரி அக்காவும். படிப்பிக்கிறவர் டொக்டர் ரஞ்சினி. முப்பத்தைந்து வயதிருக்கும். சிரிக்கமாட்டார். கொட்டாவி விட்டால் சோக்கட்டியால் எறிவார். இன்று எனக்கு இரண்டு எறி.

வகுப்பென்றாலே எனக்கு உடம்பு கடிக்கும். ஏ.எல். பாதியில். தட்டெழுத்து பாதியில். நேர்ஸ் படிப்பு இரண்டாம் வருடத்தில், வார்ட் ஓவசியரின் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டு. டொக்டருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் எடுத்தார். ஆள் இல்லை.

வேலை: மிஷன் டிஸ்பென்சரியின் பின்னறையில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பது. ஷெல் விழுந்தால் றோட்டு அடைபடும். காயக்காரரைக் கொண்டுவர ஏலாது. அப்போது அந்தந்த ஊர்த் தபால்கந்தோரிலிருந்து எங்களுக்கு ரெலிபோன் எடுப்பார்கள். ஏழு ஊர். நாங்கள் சொல்லச் சொல்ல அங்கே யாரோ ஓடிப்போய்ச் செய்வார்கள். நோகிறவன் ஒரு நாளும் ரெலிபோனடிக்கு வருவதில்லை. அக்கா வருவாள், மச்சான் வருவான், சில வேளை போஸ்ற்மாஸ்ரரே.

டொக்டர்: "நீங்கள் காயத்தைப் பாக்கப் போறதில்லை. கத்துறதைத்தான் கேப்பியள். கத்துறதை நம்பாதேங்கோ. கேள்வி கேளுங்கோ."

ஆறு கேள்வி. சுவரில் ஒட்டியாயிற்று.
1. ஆருக்கு?
2. எங்கை?
3. எப்ப தொடங்கினது?
4. என்ன மாதிரி? குத்தோ, எரிவோ, இறுக்கமோ, விண்விண்ணெண்டோ?
5. பத்துக்கு எத்தினை?
6. என்ன செய்தால் கூடுது, என்ன செய்தால் குறையுது?

பழக்கம்: மேரி அக்கா அலுமாரிக்குப் பின்னால் நின்று நோயாளி. நான் இந்தப் பக்கம்.
"என்ன மாதிரி நோகுது, அம்மா?"
"நெஞ்சுக்குள்ளை ஒரு கழுதை நிண்டு உதைக்குது, பிள்ளை."
"பத்துக்கு எத்தினை?"
"கழுதை ஒண்டுதான்."
டொக்டர் சிரிக்கவில்லை.

பனடோல் இரண்டு பெட்டி முடிந்தது. செருப்பு வார் அறுந்தது.

4, செவ்வாய்

ஹெலிகொப்டர். காலை வகுப்பில் பாதி மேசைக்குக் கீழே. டொக்டர் கீழே குந்தியபடியே படிப்பித்தார். எரிவென்றால் ஒரு காரணம், இறுக்கமென்றால் இன்னொன்று. நான் கேட்டேன், செத்தால் எத்தனையாவது நம்பர் என்று. சோக்கட்டி.

ஹெலியிலிருந்து சந்தைப் பக்கம் சுட்டிருக்கிறான். பதினொரு மணிக்கு ஒரு மனுசனைச் சாக்கில் தூக்கி வந்தார்கள். கீழ்த்தாடை இல்லை. நாக்கு மட்டும் தொங்கியது. கண் முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகள் ஆறும் இவருக்குப் பயனில்லை. கையைப் பிடித்தேன். விரல் நொறுங்குகிற மாதிரி இறுக்கினார், பிறகு இறுக்கவில்லை. இரத்தம் கதவு நிலை வரை. நானும் மேரி அக்காவும் கழுவினோம். மூன்று வாளி.

மே. அக்கா கழுவிக்கொண்டே, "எடி வதனி, உன்ரை பாவாடைக் கரையிலை பல்லு ஒண்டு கிடக்கு." எடுத்து எறிந்தேன். மத்தியானம் புட்டு. சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

யாருக்காவது அடிக்கவேண்டும் போல இருக்கிறது. யாருக்கென்று தெரியவில்லை.

5, புதன்

இன்று நான் ஒரு உயிரைக் காப்பாற்றினேன். விபரமாக எழுத வேண்டும்.

2.40. புளியங்கேணித் தபால்கந்தோர். பெட்டையின் குரல், மூச்சு வாங்கியது. பெயர் புஷ்பம். வெங்காயத் தோட்டத்தில் ஷெல். தம்பி குகன், இருபது வயது, தண்ணி கட்டிக்கொண்டு நின்றவன். கெண்டைக்கால் பிய்ந்துவிட்டது. "ரத்தம் பாயுது மிஸ். விட்டு விட்டுப் பாயுது."

விட்டு விட்டு என்றால் நாடி அறுந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

"முழங்காலுக்கு மேலை கட்டு. சாறத் துணியைக் கிழி. ஒரு தடியைக் குடுத்து முறுக்கு. ரத்தம் நிக்குமட்டும் முறுக்கு. ஓடு."

ஓடினாள். வீடு நாலு வளவு தள்ளியாம். ரிசீவரைக் கீழே போட்டுவிட்டே ஓடினாள். போஸ்ற்மாஸ்ரர் இருமுவதும் வெளியே ஷெல் விழுவதும் கேட்டது. நான் எண்ணினேன். பதினொன்று விழுந்தது.

3.05. வந்தாள். "நிண்டிட்டுது மிஸ்."

றோட்டில் ஷெல் ஓயவில்லை. கொண்டுவர ஏலாது. வீட்டில் ஒன்றுமில்லை, பனடோல் மட்டும். அதைக் கொடுக்கச் சொன்னேன். காலை உயர்த்தி வை, தண்ணி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, பக்கத்தில் இருந்து கதை. பிறகு கேட்டேன், பத்துக்கு எத்தனை என்று. அவனிடம் கேட்டு வந்து சொன்னாள்.

3.30: பத்து. கிணற்றுக் கட்டை உதைக்கிறானாம்.
4.00: ஒன்பது.
4.40: ஏழு. "கெட்டிக்காரி, குறையுது, அப்பிடியே பாத்துக்கொள்" என்றேன்.
5.15: நாலு. அவள் குரலில் சிரிப்பு. "நாலாம் மிஸ்." சோதனை மறுமொழி சொல்கிற மாதிரி.
5.45: "ஒண்டுமில்லையாம் மிஸ். சைபர்."

சைபர். கொப்பியில் எழுதிச் சிவப்பால் கோடு போட்டேன். மேரி அக்கா முதுகில் தட்டினா. "பாதியிலை விடாமல் ஒண்டு செய்திருக்கிறாய்."

முழுசாகச் செய்தேன். வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது பாட்டு வந்தது வாயில்.

6, வியாழன்

வேகமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழைத்தால் பிழைக்கட்டும்.

வகுப்பு, எட்டேகால். டொக்டர் கரும்பலகையில் மூன்று வரி எழுதினார். "நோவு குறைஞ்சால் எல்லா நேரமும் சந்தோசமில்லை. மூண்டு இடத்திலை பயப்படவேணும். வயித்து நோவு திடீரெண்டு போனால். எரிகாயம் நோகாட்டி. கட்டின கை காலிலை நோவு போனால்."

நான் எழும்பிவிட்டேன்.

"என்ன வதனி?"

"கட்டின காலிலை நோவு போனால் என்ன?"

"கால் சாகுது. நீர் ஏன் எழும்பி நிக்கிறீர்?"

கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அவிழ்ப்பதைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறீர் என்று கேட்டார். எழுதவில்லை. சொல்லவில்லை. கட்டிய நேரத்தைக் குறித்து வை என்று கூடச் சொல்லவில்லை. என்ன செய்தால் குறையுது என்ற ஆறாவது கேள்வியும் கேட்கவில்லை. நம்பர் குறைகிற சந்தோசத்தில் அது தேவைப்படவில்லை.

புளியங்கேணிக்கு எடுத்தேன். லைன் செத்துக் கிடந்தது. வயர் அறுந்திருக்கும். டொக்டர்: "இனி அங்கை வைச்சு அவிழ்க்கப்பிடாது, அவிழ்த்தால் செத்த காலின்ரை நஞ்சு உடம்பிலை ஏறும். பதினேழு மணித்தியாலம். அப்பிடியே ஏத்திக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போம்."

மே. அக்காவின் சைக்கிள். ஐந்து மைல். பனையொன்று ஓலை வட்டோடு எரிந்துகொண்டு நின்றது. றோட்டில் மாடு, வயிறு திறந்து, காகம். சந்தியில் இரண்டு பொடியள் ஒரு மனுசனைக் குப்புறப் போட்டுச் சைக்கிள் செயினால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தவே இல்லை. நான் நிற்கவில்லை. எழுதிவைக்கிறேன்: நான் நிற்கவில்லை.

குகன் பாயில் இருந்தான், குசினிச் சுவரில் சாய்ந்து. பிளேன் ரீ குடிக்கிறான். வெள்ளைப் பல். புஷ்பம் ஓடி வந்தாள், என்னிலும் ஒன்றிரண்டு வயது இளையவள்.

"மிஸ்ஸோ? குரலைக் கேட்டு வயசானவ எண்டெல்லோ நினைச்சன்."

அவன்: "சுகமாயிருக்கு மிஸ். காலை ஆரோ கழட்டி வைச்ச மாதிரி."

பாதம் கத்தரிக்காய் நிறம். தொட்டேன். மாபிள் கல். ஊசியால் குத்தினேன். ரீயைக் குடித்துக்கொண்டே பார்த்தான்.

தொடையில் சாறத் துண்டு. அதற்கு மேல் கிணற்றுக் கயிறு. கயிற்றுக்குள் அகப்பைக் காம்பு. இறைச்சிக்குள் புதைந்து போயிருந்தது.

"கயிறு ஆர் போட்டது?"

"நான்தான் மிஸ். உங்களோடை கதைக்க வர முதல் ஒவ்வொருக்காலும் ஒரு முறுக்குப் போட்டுட்டுத்தான் வாறனான். முறுக்கேக்கை கத்துவான், பிறகு குறையும். நீங்கள் குறைஞ்சால் நல்லம் எண்டனீங்கள்."

அந்தச் சிரிப்பு. நாலாம் மிஸ் என்ற அதே சிரிப்பு.

லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்று கிடைத்தது. பின்பெட்டியில் வைக்கோல் போட்டு ஏற்றினோம். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்குத்தான் நொந்தது. அவனுக்கு இல்லை.

7, வெள்ளி

எடுத்துவிட்டார்கள். தொடைப் பாதியில்.

புஷ்பம் வார்ட் முழுக்க என்னைக் காட்டுகிறாள். "உந்த மிஸ்தான் ரெலிபோனிலை சொல்லிச் சொல்லி உயிரைக் காப்பாத்தினவ. கால் ஷெல்லிலை போச்சு, உயிர் இவவாலை நிண்டுது." கும்பிட்டார்கள். ஒரு கிழவர் என் கையைக் கண்ணில் ஒற்றினார்.

பின்னேரம் டொக்டரிடம். "நீர் கட்டச் சொல்லாட்டி அவன் செத்திருப்பான். அவிழ்க்கிற கதை சொல்லாததாலை கால் போச்சு. ரெண்டும் உண்மை. கொப்பியிலை ரெண்டையும் எழுதும்."

"அவைக்குச் சொல்லப் போறன்."

"சொல்லாதையும். ரெலிபோனிலை சொன்னதாலை கால் போச்செண்டு கதை ஊருக்குப் போனால் ஏழு ஊரும் எடுக்காது. அடுத்த ஷெல்லுக்கு சொந்தக்காரர் சுத்தி நிண்டு ரத்தம் போறதைப் பாத்துக்கொண்டு நிப்பினம். அது எத்தினை பேர்? கணக்குப் பாரும்."

மே. அக்கா தலை குனிந்து பஞ்சு உருட்டினா. பிறகு வாசலில்: "சொல்லாட்டி நீ ஓடிப்போவாய். உன்னை எனக்குத் தெரியும்."

ரெலிபோன் அறைக் கதவை உதைத்தேன். கதவுக்கு ஒன்றுமில்லை. பெருவிரல் நகம் பிளந்துவிட்டது. பத்துக்கு மூன்று.

8, சனி

வேலைக்குப் போகவில்லை. மழை மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது. பெட்டியில் சட்டை இரண்டு, சீப்பு, சேர்ட்டிபிக்கற் வைத்தேன். எங்கே போவதென்று தெரியவில்லை. எடுத்து வெளியே வைத்தேன்.

அண்ணை கேட்டான், "என்ன, இதையும் விட்டாச்சோ?" செம்பால் எறிந்தேன். காதுக்குப் பக்கத்தால் போனது. இரண்டு அங்குலம்.

பின்னேரம் புளியங்கேணி ஆள் ஒருவர் ஒரு பிடி வெங்காயமும் முருங்கைக்காயும் கொண்டுவந்தார். புஷ்பம் கொடுத்துவிட்டதாம். ஷெல் விழுந்த தோட்டத்து வெங்காயம். அம்மா குழம்பு வைத்தா. நல்ல ருசி.

10, திங்கள்

போனேன். டொக்டர் நேரே வகுப்பைத் தொடங்கினார். கரும்பலகையில் புதுச் சட்டம்: கட்டினால் நேரத்தை நெற்றியில் கரியால் எழுதச் சொல்ல வேண்டும். ஆறாவது கேள்வியை முதலாவதாகப் போட்டிருக்கிறார். சோக்கட்டி எறியவில்லை. எறிந்திருந்தால் நல்லது.

இன்னொரு பாடம்: வெட்டி எடுத்த காலும் நோகும். இல்லாத பாதம், இல்லாத விரல். நடிப்பில்லை, மூளைக்குள் கால் இன்னும் கிடக்கிறது. நான் எல்லாம் எழுதினேன். ஒரு வரியும் விடாமல்.

11.10. வடக்குப் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஒரு மனுசன். மண்வெட்டி பட்டு மகனுக்குக் கை வெட்டு. சின்ன வெட்டுத்தான் போல. என்ன செய்தால் குறைகிறது என்று கேட்டேன்.

"கம்பியாலை நல்லா இறுக்கி வைச்சிருக்கிறம், பிள்ளை. நோவை அப்பிடித்தான் கலைக்கிறதாம்."

"ஆர் சொன்னது?"

"பெரியாஸ்பத்திரியிலை ஒரு பெட்டை நிக்குது, தம்பிக்குக் கால் போன பெட்டை. எல்லாருக்கும் சொல்லுது. இறுக்க இறுக்கக் குறையுமாம். ரெலிபோன் மிஸ் சொல்லிக் குடுத்ததாம்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். முக்கால் மணி. "கம்பியை வெட்டுங்கோ. இப்ப. துணியாலை காயத்தை அமத்திப் பிடியுங்கோ. நான் லைனிலை நிக்கிறன்." வெட்டினார்கள். தபால்கந்தோர் வாசலுக்கே கொண்டு வந்திருந்தார்கள், அவன் அலறினது ரெலிபோன் கம்பி வழியே என் காதுக்குள் வந்தது. அம்மா அம்மா என்று. அவ்வளவு நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. விரல் அசைகிறதா? அசைகிறது. சிவக்கிறதா? சிவக்கிறது.

வைத்துவிட்டு, கம்பி வெட்டிய நேரத்தைக் கொப்பியில் எழுதினேன்.

டொக்டரிடம்: "நாளைக்குச் சொல்லப் போறன். உங்கடை கணக்கு இப்ப வேறை." அவர் சோக்கட்டியை மேசையில் வைத்தார். "சொல்லும். நாளையிண்டைக்கு இந்த ரெலிபோன் அடிக்காட்டி, பக்கத்திலை நீர்தான் இருக்கவேணும்."

11, செவ்வாய்

சொன்னேன்.

குகன் கண்ணை மூடிக் கிடந்தான். பெருவிரல் நோகிறதாம், இல்லாத காலில், யாரோ திருகுகிற மாதிரி. வார்டில் வேலைசெய்கிறவன் நக்கலடித்திருக்கிறான், "இல்லாத விரலுக்கு எண்ணெய் பூசட்டோ?" என்று. உண்மையாக நோகும் என்றேன். முதல்முறை ஒருவர் நம்பினதற்கு அவனுக்குக் கண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு சொல்வது கஷ்டமாய் இருந்தது. அதனால் வேகமாகச் சொன்னேன். ஷெல் காலை எடுக்கவில்லை. கட்டு எடுத்தது. நேரத்துக்கு அவிழ்க்க நான் சொல்லவில்லை. நோவு போனதை நல்லதென்று சொன்னேன். பிழை என்னுடையது.

சில்வர் கப் என் புருவத்தில் பட்டது. குகன்தான். அடுத்தது தட்டு, தவறியது. "வெளியாலை போ. போடி வெளியாலை." எழும்பி வரப் பார்த்தான், இல்லாத காலை ஊன்றி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தான். கட்டு நனைந்து சிவந்தது. நேர்ஸ்மார் ஓடி வந்தார்கள். அவன் அலறுகிறான், என்னைப் பார்த்தே அலறுகிறான்.

என் கண்ணுக்குள் இரத்தம். துடைக்கவில்லை. அது சரி என்றிருந்தது. எறி, இன்னும் எறி. இதற்குத்தான் வந்தேன் என்றிருந்தது. இலேசாகக்கூட இருந்தது.

அப்போதுதான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கயிறு அறுத்த காயம் இரண்டு கையிலும் இன்னும் காயவில்லை.

"முறுக்கினது நான்தானே," என்றாள்.

இல்லை, நான் சொல்லித்தானே என்றேன்.

"அவன் காணுமக்கா, விடக்கா எண்டு கத்தக் கத்த முறுக்கினனான். ஏறி நிண்டு முறுக்கினனான். நாலைச் சைபர் ஆக்கவேணுமெண்டு."

நான் இதை யோசிக்கவே இல்லை. ஐந்து நாளாக என் பிழை, என் பிழை என்று தூக்கித் திரிந்தேன். இறக்கி வைக்க வந்தேன். அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டேன்.

புருவத்தில் நாலு தையல்.

12, புதன்

வெயில். வகுப்பு இல்லை, டொக்டர் வரச் சுணங்கினார். எட்டு மணி, ஒன்பது மணி. ரெலிபோன் அடிக்கவில்லை. மே. அக்கா ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்தா, லைன் இருக்கிறதா என்று. இருக்கிறது.

9.10. அடித்தது. புளியங்கேணி. வயர் கட்டிவிட்டார்களாம், போஸ்ற்மாஸ்ரர் சொன்னார். "ஒரு பிள்ளை கதைக்க வேணுமாம். காலமை, முதல் பஸ்ஸிலை ஆஸ்பத்திரியாலை வந்தது. வீட்டை போகேல்லை, நேரை இங்கைதான்."

"ஆருக்கு?" என்றேன். வாய் தானாகக் கேட்டது.

"வேசை," என்றாள் புஷ்பம்.

பிறகு நிறுத்தவில்லை. ஏன் சொன்னாய் என்று கேட்டாள். ஷெல் என்று நினைத்துக்கொண்டு செத்திருப்பேனே, ஆமிக்காரனைத் திட்டிக்கொண்டு செத்திருப்பேனே என்றாள். "நீ உன்ரை பாரத்துக்குச் சொன்னனீ. எனக்கெண்டு சொல்லேல்லை." உண்மை. ஓம் என்றேன். ஓம் என்றதற்கும் ஏசினாள். உன் கை அழுக வேண்டும், உன் தொண்டையில் புழு வைக்க வேண்டும். உன் அண்ணனின் காலை நீயே முறுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தூசணமெல்லாம் முடிந்து தெரியாததும் வந்தது. போஸ்ற்மாஸ்ரர் பின்னால் இருமினார். அவரையும் ஏசினாள்.

டொக்டர் வந்துவிட்டார். கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார்: வேறை ஆக்கள் எடுப்பினம். வையும்.

தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று. அவர் துண்டைக் கசக்கி என் மேல் எறிந்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

9.50. இன்னும் ஏசுகிறாள். குரல் அடைத்துவிட்டது. இடைக்கிடை மூச்சு மட்டும்.

"வைச்சிட்டியோ?"

"இல்லை. நிக்கிறன்."

"நாயே."

ஒரு கையில் ரிசீவர். மற்றக் கையால் எழுதுகிறேன்.